தீர்மானத்திற்கு முந்திய ஜெபம்

எருசலேமுக்கு வடமேற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவில், மலைப்பாங்கான பென்யமீன் நாட்டில் இருந்த கிபியோன் என்னும் ஊர், வேதாகமச் சரித்திரத்தில் இரண்டு பெரிய தீர்மானங்களோடு சம்பந்தப்பட்டது. முதலாவது யோசுவாவின் காலத்தில் நடந்தது. எரிகோவுக்கும் ஆயிக்கும் நேரிட்டதைக் கேள்வியுற்ற கிபியோனின் குடிகள், யுத்தத்தால் தப்ப முடியாதென்று கண்டு தந்திரத்தால் தப்ப எண்ணி, பழைய சாக்குகளையும் கிழிந்து தைத்த திராட்சரசத் துருத்திகளையும் கழுதைகளின்மேல் ஏற்றி, தேய்ந்து ஒட்டுப்போட்ட செருப்புகளை மாட்டிக்கொண்டு, உலர்ந்து பூசணம் பிடித்த அப்பத்தைக் கட்டி எடுத்து, வெகுதூர தேசத்திலிருந்து வருகிறவர்களைப்போல் கில்காலில் இருந்த பாளயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இஸ்ரவேலின் தலைவர்கள் அந்த ஆகாரத்தை வாங்கிப் பார்த்தார்கள், கர்த்தரிடத்தில் கேட்கவில்லை. உடன்படிக்கை செய்து ஆணையும் இட்டுக் கொடுத்தார்கள். மூன்று நாளைக்குப் பின்பு, வந்தவர்கள் பக்கத்து ஊரார் என்பது வெளிப்பட்டபோது, இட்ட ஆணையைத் திரும்பப் பெற வழியில்லாமற் போயிற்று. பல தலைமுறைகளுக்குப் பின் சவுல் அந்த ஆணையை மீறியதன் விளைவாக, தாவீதின் நாட்களில் மூன்று வருஷம் பஞ்சம் உண்டானது என்று சாமுவேலின் இரண்டாம் புத்தகம் கூறுகிறது.

இரண்டாவது தீர்மானம், தாவீதின் குமாரனாகிய சாலொமோன் புதிதாய்ச் சிங்காசனம் ஏறிய காலத்தில், அதே கிபியோனின் மேடையில் நடந்தது. ஆயிரம் தகனபலிகளைச் செலுத்திய பின்பு, இராத்திரியில் சொப்பனத்திலே, விரும்பியதைக் கேட்கும்படி அவருக்கு அனுமதி வந்தது. நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ சத்துருக்களின் அழிவையோ கேட்கக்கூடிய இடத்தில் நின்ற அந்த இளம் ராஜா, காரியம் நடத்தத் தெரியாத சிறுவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு, நன்மை தீமை பகுத்தறிந்து ஜனங்களை நியாயம் விசாரிக்கத்தக்க விவேகத்தை மட்டும் விண்ணப்பித்தார்.

இவ்விரண்டு சம்பவங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கில்காலின் தலைவர்கள் பக்தியற்றவர்கள் அல்லர். அஜாக்கிரதை உள்ளவர்கள் என்றுகூட அவர்களை எளிதில் சொல்லிவிட முடியாது. சாட்சியத்தைக் கையிலெடுத்துப் பரிசோதித்தார்கள். அது ஜெபத்துக்கு அவசியமே இல்லாத அளவுக்குத் தெளிவாக இருக்கிறதென்று எண்ணினார்கள். நம்முடைய தவறான தீர்மானங்களிற் பெரும்பாலானவை இந்த ஜாதியைச் சேர்ந்தவையே. ஆபரேஷன் நாளிலும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் நாளிலும் ஜெபிக்க நமக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மனை வாங்கும்போதும், பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போதும், கூட்டு வியாபாரத்தில் பணம் போடும்போதும், கண்ணால் கண்டது போதுமென்று முடிவு செய்துவிட்டு, பத்திரம் பதிவாகி முன்பணமும் கைமாறிய பிற்பாடு போதகரை அழைத்து ஆசீர்வாதம் கேட்கிறோம். போதகரும் பாவம், அந்த வேளையில் வேறென்ன செய்வார்? ஜெபித்துவிட்டுக் காப்பி அருந்திப் போகிறார். தீர்மானத்தைப் பின்தொடரும் சடங்காக இருக்கிற ஜெபத்தை, தீர்மானத்துக்கு முன்செல்லும் அப்பியாசமாக மாற்றிக்கொள்வது எப்படி என்பதே இந்த அதிகாரத்தின் விஷயம்.

ஜெபம் மனிதனுக்கு ஞானத்தை எவ்விதம் தருகிறது என்று கேட்டால், தேவன் தருகிறார் என்பதே விசுவாசத்தின் விடை. யாக்கோபு தம் நிருபத்தின் தொடக்கத்திலேயே, ஞானத்தில் குறைவுள்ளவன் கூசாமற் கேட்கலாம் என்றும், கேட்டதற்காகத் தேவன் அவனைக் கடிந்துகொள்வதில்லை என்றும் உறுதி கூறுகிறார். ஆயினும் கொடுக்கப்படுவது எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்கிறது என்று கவனிப்பது அவிசுவாசம் ஆகாது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தையே எடுத்துக்கொள்வோம். உடன்பிறந்தானோடு பாகப்பிரிவினையில் மனஸ்தாபப்பட்ட ஒருவர், கிணற்றடி நிலம் தமக்கே வரவேண்டுமென்ற எண்ணம் நெஞ்சில் நிறைந்திருக்க, அந்த ஜெபத்தை நிதானமாகச் சொல்லத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நிலத்துக்கு அதில் முதலிடம் இல்லை. தேவனுடைய நாமமும் ராஜ்யமும் சித்தமும் முன்னே வருகின்றன. அவற்றைக் கடந்து வந்தால் ஆகாரம் வருகிறது. அதுவும் அன்றன்றைக்கு வேண்டியது மாத்திரம். அடுத்தாற்போல, தமக்குத் தீங்கு செய்தவரை மன்னித்ததைக் குறிப்பிட்டுத் தம் மன்னிப்பைக் கேட்க வேண்டிய இடம் வருகிறது. அங்கே தம்பியின் முகம் குறுக்கே நிற்காமல் இராது. ஜெபம் முடியும்போது நிலத்தின் விஸ்தீரணம் குறைந்துவிடவில்லை. அதைப் பற்றிப் பேசப்போகிற மனிதர் சற்றே மாறியிருக்கிறார். மறுநாள் வக்கீலிடம் போனாலும் அவர் வேறு குரலில்தான் பேசுவார். ஆசைகள் தத்தம் இடத்தில் வைக்கப்படுவதே விவேகத்தின் முதற்படி என்றால், அந்த வேலையை ஜெபத்தின் அமைப்பே செய்துவிடுகிறது.

வேதாகமத்தில் இந்த அப்பியாசத்தை ஆரம்பம் முதல் முடிவுவரை பின்தொடர்ந்து பார்க்கக்கூடிய இடம் நெகேமியாவின் புத்தகம். தீர்க்கதரிசியாகவோ ஆசாரியராகவோ இராமல், அரண்மனை உத்தியோகத்தில் இருந்த ஒரு லௌகிகரின் சொந்தக் குறிப்புகள் அதில் பெரும்பகுதி. நம் சபைகளில் அதை ஆலயக் கட்டட நிதி திரட்டும் காலத்தில் மட்டும் நினைவுகூர்வது வருந்தத்தக்கது.

பாரசீக ராஜாவாகிய அர்தசஷ்டாவின் 20-ஆம் ஆண்டு, கிஸ்லேயு மாதத்தில், சூசான் அரண்மனையில் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவிடம், அவருடைய சகோதரன் ஆனானியும் யூதாவிலிருந்து வந்த சிலரும், எருசலேமின் அலங்கம் இடிந்தும் வாசல்கள் தீக்கிரையாகியும் கிடக்கிற செய்தியைக் கொண்டுவந்தார்கள். அவர் உட்கார்ந்து அழுதார். பல நாள் துக்கித்து, உபவாசித்து, ஜெபித்தார். அந்த ஜெபம் முதலாம் அதிகாரத்தில் பதிவாகியிருக்கிறது. ஜாதியின் பாவத்தை அறிக்கையிடுகையில், தம்மையும் தம் தகப்பன் வீட்டாரையும் அதில் சேர்த்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. ஏனெனில், அந்நிய ராஜாக்களையோ முன்னோர்களையோ குறைகூறுவதற்கு அவருக்குத் தாராளமாக இடம் இருந்தது. அவர் ராஜாவின் முன்னிலையில் வாய்திறந்ததோ நிசான் மாதத்தில், அதாவது கி.மு. 445-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள் கழிந்திருந்தன.

அந்த நான்கு மாதங்களில் அவர் உள்ளத்தில் நடந்தது இன்னதென்று புத்தகம் விவரிப்பதில்லை. ஆனால் ராஜா அவருடைய வாடிய முகத்தைக் கண்டு, உமக்கு வேண்டியது என்ன என்று வினவியபோது, அவர் சொன்ன விடை அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எவ்வளவு காலத்துக்குப் போய்வர வேண்டும் என்று அவரால் சொல்ல முடிந்தது. நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும் என்று தெரிந்திருந்தது. ராஜாவின் வனத்தைக் காக்கிறவன் பெயர் ஆசாப் என்பதும், கோட்டை வாசல்களுக்கும் நகர மதிலுக்கும் தாம் தங்கப்போகும் வீட்டுக்கும் மரம் அவனிடமிருந்துதான் பெற வேண்டும் என்பதும் நாவின் நுனியில் இருந்தன. கிஸ்லேயு மாதத்தில் கண்ணீராக இருந்தது நிசான் மாதத்தில் திட்டமாக மாறியிருந்தது. ஜெபம் அவரைச் சிந்திப்பதிலிருந்து விடுவித்துவிடவில்லை என்பதையும், சிந்திப்பதற்கு வேண்டிய அமைதியையும் அவகாசத்தையும் தந்தது என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதி எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

ராஜாவின் கேள்விக்கும் தம் விடைக்கும் இடையிலே, நின்ற நிலையிலேயே, பரலோகத்தின் தேவனை நோக்கி ஒரு கணம் ஜெபித்ததாக அவர் எழுதுகிறார். இந்த ஒரு கணத்து ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள், பஸ்ஸில் ஏறும்போதும் மாடிப்படி இறங்கும்போதும் ஜெபித்தால் போதுமென்று ஆறுதல் அடைவதுண்டு. அவ்வாறு ஜெபிப்பது நல்லதே. ஆனால் நெகேமியாவின் ஒரு கணத்துக்குப் பின்னால் நான்கு மாதத்து ஜெபம் நின்றது என்பதை மறக்கலாகாது.

எருசலேமை அடைந்த பின்பும் அவர் மூன்று நாள் பேசாமல் இருந்தார். பிறகு இராத்திரியில் எழுந்து, சில மனிதரை மாத்திரம் கூட்டிக்கொண்டு, தாம் ஏறியிருந்த மிருகத்தைத் தவிர வேறொன்றும் இல்லாமல், பள்ளத்தாக்கு வாசல் வழியாகப் புறப்பட்டு, இடிந்த மதிலை நேரிற் பார்வையிட்டார். ஓரிடத்தில் மிருகம் கடந்துபோகவும் வழி இல்லாதிருந்தது. தேவன் தம் மனதில் வைத்த எண்ணம் என்று உறுதியாக நம்பிய காரியத்துக்கே அவர் ஸ்தல பரிசோதனை செய்தார்! பின்னர் சத்துருக்கள் படையெடுக்கச் சதி செய்தபோது, ஜெபம்பண்ணினோம் என்று எழுதிய அதே வாக்கியத்தில், இரவும் பகலும் காவல் வைத்ததையும் எழுதுகிறார். எளிய ஜனங்கள் தங்கள் நிலங்களையும் திராட்சத்தோட்டங்களையும் தனவந்தர்களிடம் அடகு வைத்து வட்டியில் சிக்கியிருப்பதை அறிந்தபோது மிகுந்த கோபம் கொண்டார். கொண்டும், முதலில் தம் மனதிலே ஆலோசித்து, அதன் பிறகே பெரியோரைக் கூட்டிக் கண்டித்தார். தேசாதிபதிக்கு உரிய படிப்பணத்தை 12 வருஷமும் வாங்காமல் இருந்தவர் ஆதலால் அவருடைய கண்டனத்துக்கு வலிமை இருந்தது.

எல்லாவற்றிலும் அருமையான பகுதி ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. செமாயா என்பவன், இரவில் உம்மைக் கொல்ல வருகிறார்கள், ஆலயத்துக்குள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்வோம் என்று தீர்க்கதரிசனமாகவே உரைத்தான். ஆலயம், தீர்க்கதரிசனம், உயிருக்குப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த ஆலோசனையைத் தட்டுவதற்குப் பக்தியுள்ளவர்கள் பொதுவாக அஞ்சுவார்கள். நெகேமியாவோ, தம்மைப்போன்ற ஸ்தானத்தில் உள்ளவன் ஓடுவது தகுமா என்று நிதானித்து, இவனைத் தேவன் அனுப்பவில்லை என்று கண்டுகொண்டார். கூலி கொடுத்து அனுப்பப்பட்டவன் என்பதும் அவருக்கு விளங்கியது. ஜெபத்தில் பழகிய புத்தி, ஜெபத்தின் பாஷையில் வருகிற பொய்யையும் இனங்காண்கிறது. எலூல் மாதம் 25-ஆம் தேதி, 52 நாளில், மதில் கட்டி முடிந்தது.

இயேசுநாதரின் ஊழியத்திலும் இம்முறையே காணப்படுகிறது. பன்னிருவரைத் தெரிந்துகொள்ளுமுன் இராமுழுவதும் மலையில் ஜெபித்தார் என்று லூக்கா எழுதுகிறார். மாற்கு முதலாம் அதிகாரத்தில் இருப்பது அதனினும் நுட்பமானது. கப்பர்நகூமில் முந்தின மாலை வாசலெங்கும் நோயாளிகள் திரண்டிருந்தார்கள். அவரோ இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்துக்கொண்டிருந்தார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிப்பிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று சொல்லிவிட்டார். வெற்றியும் புகழும் தேவையும் ஒன்றாய்க் கூடி அழைக்கும்போது, வேண்டாம் என்று மறுத்து, செய்யவேண்டிய வேறொன்றைச் செய்யப் புறப்படுவது சாமானியமான காரியமன்று. அழைக்கும் குரல் கேளாத இடத்தில் ஏற்கெனவே தீர்மானித்து வைத்தவருக்கே அது இயலும். ஊழியத்தில் ஓய்வில்லாமல் அலைகிற நண்பர்கள் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்களாக.

இனி நடைமுறைக்கு வருவோம். 1535-ஆம் ஆண்டில் விட்டன்பர்க் நகரத்து நாவிதர் பீட்டர் பெஸ்கென்டார்ஃப், தாம் ஜெபிப்பது எவ்வாறு என்று மார்ட்டின் லுத்தரிடம் கேட்டார். லுத்தர் அவருக்கென்றே ஒரு சிறு நூல் எழுதி அச்சிட்டுக் கொடுத்தார். காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும் என்பதும், சற்றுப் பொறு, இந்த ஒரு வேலை முடியட்டும் என்று மனம் சொல்லும் சமாதானத்தை நம்பாதே என்பதும் அதில் உள்ள முதல் ஆலோசனைகள். நாவிதர் கத்தியையும் மயிரையும் விட்டுக் கண்ணை எங்கேயோ ஓடவிட்டுப் பேசிக்கொண்டே சவரம் செய்தால் எதிரே இருப்பவருடைய மூக்கும் கழுத்தும் என்ன ஆகும் என்று அவருடைய தொழிலையே எடுத்துக் காட்டி, ஜெபத்தில் கவனம் எத்தகையதாய் இருக்கவேண்டும் என்பதையும் விளக்குகிறார். பிறகு ஒரு முறையைக் கற்பிக்கிறார். வேதத்தின் ஒரு கற்பனையை எடுத்து, அது நமக்குப் போதிப்பது என்ன, அதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டியது என்ன, அதில் நாம் அறிக்கையிட வேண்டிய குற்றம் என்ன, அதன்படி நாம் கேட்க வேண்டிய வரம் என்ன என்று நான்காகப் பிரித்து, நான்கு இழை மாலையாகத் தொடுக்கச் சொல்கிறார்.

இம்முறையை ஒரு தீர்மானத்துக்குப் பிரயோகித்துக் காட்டுகிறேன். உறவினர் ஒருவர் தாம் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். நாளை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீதிமொழிகள் ஆறாம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்கள் பிறனுக்காகப் பிணைப்படுவதைப் பற்றியவை. அவற்றை வாசித்து முதல் இழையைத் தொடங்கலாம். போதனை வெளிப்படையானது: பிணைப்பட்டவன் வேடன் கையில் அகப்பட்ட மானின் நிலையில் இருக்கிறான், தூங்காமல் தப்பிக்கொள்ளப் பார்க்க வேண்டும். இரண்டாவது, நன்றி: நாம் வீடு கட்டிய காலத்திலோ படித்த காலத்திலோ யார் நமக்காகக் கையெழுத்திட்டார்கள் என்பது ஞாபகத்துக்கு வரும்; வரவேண்டும். மூன்றாவது, அறிக்கை. இங்கேதான் அதிக நேரம் தங்க வேண்டும். ஊராரிடம் பெரிய மனிதர் என்று பெயரெடுக்கும் ஆசையினால் சம்மதிக்கப் பார்க்கிறோமா? பழைய வன்மத்தினால் மறுக்கப் பார்க்கிறோமா? மனைவியிடமோ கணவரிடமோ சொல்லாமலே முடித்துவிடும் உத்தேசம் உள்ளே இருக்கிறதா? தேவனுடைய சந்நிதியில் வாய்விட்டுச் சொன்னால் வெட்கப்பட வேண்டிய காரணம் ஏதேனும் இருந்தால், அதுவே பெரும்பாலும் உண்மையான காரணம். நான்காவது, விண்ணப்பம்: மறுப்பதாயின் முகத்தைப் பார்த்து அன்போடு மறுக்கும் தைரியத்தையும், சம்மதிப்பதாயின் கடன் முழுவதையும் நாமே கட்ட நேர்ந்தாலும் முறுமுறுக்காத மனதையும் கேட்க வேண்டும். இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும். அதன்பின் வங்கிப் பாஸ்புத்தகத்தை எடுத்துக் கணக்குப் பாருங்கள்; கணக்கை ஜெபத்துக்கு விரோதமானதாக எண்ண வேண்டாம்.

கால் மணி நேரம் போதாத பெரிய தீர்மானங்களும் உண்டு. உத்தியோகத்தை விடுவது, ஊரை விட்டுப் பெயர்வது, விவாகம், ஊழியத்துக்கு ஒப்புக்கொடுப்பது போன்றவற்றுக்கு லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த முறையைவிடச் சிறந்ததை நான் கண்டதில்லை. கத்தோலிக்கர் அல்லாதவரும் கூச்சமின்றிப் பயன்படுத்தலாம். 1521-ல் பம்பலோனா முற்றுகையில் பீரங்கிக் குண்டினால் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது, எந்த எண்ணம் தம் உள்ளத்தில் நிலையான மகிழ்ச்சியை விட்டுப்போகிறது, எது வறட்சியை விட்டுப்போகிறது என்று தம்மையே உற்றுநோக்கத் தொடங்கிய படைவீரர் அவர். அவர் எழுதிய ஆன்மீகப் பயிற்சிகள் என்ற நூலை 1548-ல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அங்கீகரித்தார். மனம் கலங்காமல் அமைதியாக இருக்கும் வேளையில், எந்தப் பக்கமும் சாயாத நிலையை வேண்டிக்கொண்டு, ஒரு வழியினால் வரும் நன்மை தீமைகளையும் மறுவழியினால் வருவனவற்றையும் தனித்தனியே எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறார். அதோடு, முன்பின் கண்டிராத ஒருவர் இதே நிலையில் நம்மிடம் ஆலோசனை கேட்டால் என்ன சொல்லுவோம் என்றும், மரண வேளையில் எதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று ஆசைப்படுவோம் என்றும் யோசிக்கச் சொல்கிறார். முடிவு செய்த பின் எழுந்து போய்விடாமல், அந்த முடிவைத் தேவனுக்கு முன்பாக வைத்து மறுபடியும் ஜெபிக்க வேண்டும். மனம் சோர்ந்து இருண்டிருக்கும் காலத்தில், தெளிவான காலத்தில் செய்த தீர்மானத்தை மாற்றலாகாது என்ற அவருடைய பிரமாணம் ஒன்றை மட்டும் கைக்கொண்டிருந்தாலே, நம்மில் எத்தனையோ பேர் எத்தனையோ ராஜினாமாக் கடிதங்களை எழுதாமல் இருந்திருப்போம்.

இரவு ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய நாளை மணிவாரியாகத் திரும்பப் பார்த்து, நன்றியும் மன்னிப்பும் மறுநாளுக்கான தீர்மானமும் சொல்லி முடிக்கும் ஆத்தும சோதனையையும் இஞ்ஞாசியார் கற்பித்திருக்கிறார். காலையில் எந்தக் காரியத்துக்காக ஞானம் கேட்டோமோ அந்தக் காரியத்தில் எவ்விதம் நடந்தோம் என்று இரவில் விசாரிக்காவிட்டால், காலை ஜெபம் வெறும் வழக்கமாகிவிடும். சிறு நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு, தேதியையும் காரியத்தையும் செய்த முடிவையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். ஜெபம் கேட்கப்பட்டது, கேட்கப்படவில்லை என்று கணக்குத் தீர்ப்பதற்காக அன்று. எந்த வகைத் தீர்மானங்களில் நாம் வழக்கமாக அவசரப்படுகிறோம் என்பது சில மாதங்களில் அதிலிருந்து தெரிந்துவிடும்.

இத்தனை முறைகளையும் சொன்ன பிறகு, நாவிதர் பீட்டரின் பிற்கால வரலாற்றை மறைத்துவிடுவது நேர்மையாகாது. லுத்தரின் நூல் வெளிவந்த அதே 1535-ஆம் ஆண்டு, உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, மருமகன் வீட்டு விருந்தில், போர்வீரனாயிருந்த அந்த மருமகன் தன் உடலை ஆயுதம் துளைக்காது என்று பெருமையடித்துக்கொள்ள, குடித்திருந்த முதியவர் அதைச் சோதிக்கக் கத்தியால் குத்திவிட்டார், மருமகன் இறந்துபோனான். லுத்தர் முதலான நண்பர்கள் மன்றாடியதால் மரண தண்டனைக்குத் தப்பி, சொத்தையெல்லாம் இழந்து, தேசப் பிரஷ்டராய் வெளியேறினார். ஜெப முறை கையில் இருப்பது ஒன்று, அன்று மாலை பாத்திரத்தைக் கையிலெடுக்குமுன் ஜெபித்திருப்பது வேறொன்று. சாலொமோனின் சரித்திரமும் இதையே சொல்கிறது. கிபியோனில் கேட்ட ஞானம் இரண்டு பெண்களின் வழக்கில் பிரகாசித்தது. ஆனால் வயதான காலத்தில் அவருடைய இருதயம் வேறு தேவர்களின் பக்கம் சாய்ந்தது, அவர் வைத்த பாரமான நுகத்தைப் பற்றி முறையிட்ட ஜனங்கள் அவருடைய மகன் காலத்தில் பிரிந்தே போனார்கள். வாலிபத்தில் ஒருமுறை உருக்கமாய் ஜெபித்தது முதுமைக்குச் சேமிப்பாக வராது.

சில எச்சரிக்கைகளையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாகக் கொள்வதும், புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை வைத்து மனை வாங்கலாமா என்று முடிவு செய்வதும் சீட்டுப் போடுவதேயன்றி ஜெபம் அல்ல. கிதியோன் தோலைப் போட்டு அடையாளம் கேட்டதை மேற்கோள் காட்டுவோர், அவருக்குக் கட்டளை முன்பே கிடைத்துவிட்டது என்பதைப் பார்ப்பதில்லை. கர்த்தர் என்னோடு பேசினார் என்று சொல்லிப் பெற்றோரின் வாயையும் துணைவியின் வாயையும் அடைப்பவர், செமாயாவின் அதிகாரத்தை வாசிக்கட்டும். மற்றொன்று: ஜெபிக்கக்கூடாத வேளையும் உண்டு. ஆயி பட்டணத்தில் தோற்ற பிறகு யோசுவா முகங்குப்புற விழுந்து கிடந்தபோது, எழுந்திரு, ஏன் விழுந்துகிடக்கிறாய் என்ற கருத்தில் கர்த்தர் அவரைக் கடிந்துகொண்டார். திருடிய பொருள் பாளயத்துக்குள் இருந்தது, அதைத் தேடியெடுப்பதே அப்போது கடமை. வேலைக்காரரின் நிலுவைக் கூலியைக் கொடுக்கலாமா, புண்படுத்தியவரிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று வழிநடத்துதல் தேடி நாட்களைக் கழிப்பவர் எழுந்துபோய் அதைச் செய்யட்டும்.

அடுத்த அதிகாரம் குடும்ப ஜெபத்தைப் பற்றியது. அதைத் திருப்புவதற்கு முன், இந்த வாரத்தில் நீங்கள் முடிவு சொல்ல வேண்டிய காரியங்களுள், ஜெபிக்கத் தேவையில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிற ஒன்றைத் தெரிந்தெடுத்து, மேற்கூறிய நான்கு இழைகளையும் அதில் தொடுத்துப் பாருங்கள். முடிவை அன்றே எவரிடமும் சொல்லாமல், ஓர் இரவு கழித்துச் சொல்லுங்கள்.